ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறும் பிரஷர்

எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் அப்பாவின் பிரஷரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. தேதி, கிழமை, மேல் நம்பர், கீழ் நம்பர், அவ்வளவுதான். மூன்று வரியைத் தவிர எழுதியது எல்லாம் நான். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நான் பட்ட குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் பெங்களூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கராக இருக்கிறேன். தைத்து முடிந்து வரும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் தொங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பதினோரு வருடமாக இதையே செய்கிறேன். என் கண்ணுக்குத் தப்பிய தப்பு கிடையாது என்று மேஸ்திரியே சொல்லுவார். விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு வந்து சேருவேன். வாரத்தில் ஆறு நாள் இப்படித்தான். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. என் கல்யாணம் மூன்றே வருடத்தில் முறிந்து நான் திரும்பி வந்ததும் அந்த வருடம்தான்.

அப்பா சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலையில் இருந்தவர். பாறை சரியாமல் உத்தரமும் முட்டும் கொடுக்கிற வேலை. அங்கே வேலை செய்த கடைசி வருடங்களில்தான் அவருக்குப் பிரஷர் இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சுரங்கத்தை மூடினார்கள். அப்பா மாத்திரையையும் மூடிவிட்டார். பிறகு பெங்களூரில் வாட்ச்மேனாகப் போய்வந்த காலத்தில் அவர் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை, அப்புறம் எதற்கு மாத்திரை என்பது அவர் கணக்கு. இரண்டு வருடம் முன்பு கால் வீங்கி, முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, கிட்னியும் பாதிக்கு மேல் போய்விட்டது என்று சேர்த்துச் சொன்னார்கள்.

அன்று தொடங்கியது என் முதல் குழப்பம். எங்கள் ஊர் டாக்டர், பிரஷரை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டதால்தான் கிட்னி கெட்டது என்றார். கிட்னிக்குள் இருக்கிற ரத்தக்குழாய்கள் மெல்லிசானவையாம். நாள் முழுக்க வேகமாக அடித்தால் தாங்காதாம். சரி என்று தலையாட்டினேன். மனசு கேட்காமல் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை விட்டு வரும் வழியில் பெங்களூரில் ஒரு கிட்னி டாக்டரைப் பார்த்தேன். அவர், முதலில் கிட்னி கெட்டு அதனால் பிரஷர் ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். கெட்ட கிட்னி உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் உடம்பிலேயே நிறுத்திவைக்கும், அதில் பிரஷர் ஏறும், ஏறிய பிரஷர் கிட்னியை இன்னும் கெடுக்கும் என்றார். எது முன்னால் என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாதும்மா, ரெண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிட்டு, மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுவாரா என்று கேட்டார்.

வலி மாத்திரையும் கிட்னியைக் கெடுக்குமாம். அப்பாவின் முழங்கால் வலிக்கு இரண்டு வருடமாக ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தது நான்தான். பிரஷர் முன்னால் என்றால் தப்பு அப்பாவுடையது. கிட்னி முன்னால் என்றால் தப்பு என்னுடையது. வலி மாத்திரையை அன்றே நிறுத்தினேன். ஆனால் எது முன்னால் என்ற கேள்வியை நிறுத்த முடியவில்லை. ரயிலில் நின்றுகொண்டே அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் டாக்டர் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். போன கிட்னி திரும்பி வராது. ஆனால் பிரஷர் கட்டுக்குள் நின்றால், மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டலாம். நிற்காவிட்டால் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும். அப்பாவை வாரம் மூன்று நாள் யார் கூட்டிப்போவது, நான் வேலைக்குப் போகாமல் எப்படிச் சாப்பிடுவது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அதனால் முதல் வேலையாக பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். ஏழு அறை வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கினேன். சனிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு அறையிலும் ஒரு மாத்திரை போட்டு வைப்பேன். காலை கஞ்சி குடித்ததும் அப்பா அதை எடுத்துப் போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் டப்பா காலியாக இருக்கும். செக்கருக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றுதான் மெஷினைக் கட்டிப் பார்ப்பேன். முதல் ஞாயிறு நூற்று எழுபதைத் தாண்டியது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்காதான் வேலை நாளில் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போவார். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டையரானவர், பிரஷர் பார்க்கத் தெரிந்தவர். அவர் கையில் நோட்டைக் கொடுத்து அனுப்பினேன். டாக்டர் அங்கே பார்த்தபோது நார்மலாகவே இருந்ததாம். நோட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் இவ்வளவு ஏறுகிறதே என்று மாத்திரையை ஒரு படி கூட்டினார். வெள்ளை மாத்திரை போய் ரோஸ் மாத்திரை வந்தது. அடுத்த மாதம் அங்கே இன்னும் குறைவு, வீட்டில் அதே உயரம். எல்லாருக்கும் டாக்டரைப் பார்த்தால் ஏறும், இந்த மனுஷனுக்கு வீட்டில் ஏறுகிறதே என்று டாக்டரே அக்காவிடம் ஆச்சரியப்பட்டாராம். ரோஸ் மாத்திரையும் பெரிதானது.

நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன். பேட்டரி மாற்றினேன். எனக்கே கட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. உப்பைக் குறைத்து, அப்புறம் உப்பே போடாமல் சமைத்தேன். ஊறுகாய் பாட்டிலையும் கருவாட்டையும் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா அந்தச் சப்பென்ற குழம்பையும் வழித்துச் சாப்பிட்டார். ஞாயிறு வந்தால் நம்பர் அசையாது. இதற்கு நடுவில் ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் பிடிக்கப்போன இடத்தில் அப்பா கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார் என்று அக்கா போன் செய்தார். கிட்னி கெடக் கெட ஏறுகிற கிரியாட்டினினை டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். அது போன தடவையைவிட ஏறியிருந்தது. டாக்டர் அக்காவிடம் டயாலிசிஸ் என்ற சொல்லை இரண்டாவது தடவையாகச் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அவருக்கு நாக்கில் நரம்பு கிடையாது. நோட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளோடு, நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த சில நாளும் அதில் இருந்தன. எல்லாம் ஏறின நம்பர்தான்.

"டாக்டர்ட்ட போவச்சொல்ல கம்மியா கீது, நீ ஊட்ல கீற நாளு ஏறுது. இதுல கண்டுபுடிக்க இன்னா கீது? வாயவேண்டிய பொண்ணு கண்ணெதுருக்கவே உக்காந்துனு இருந்தா எந்த அப்பனுக்குத்தான் ஏறாது?" என்றார்.

அப்பா அதட்டினார். அத்தை சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அது போகவில்லை. கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் இல்லாத நாளில் அப்பா நன்றாக இருக்கிறார். நான் இருக்கும் நாளில் ஏறுகிறது. எழுதியது நானேதான், பொய் சொல்ல வழியில்லை. சட்டையில் ஓட்டை எங்கே என்று தேடுகிறவளுக்கு, ஓட்டையே நீதான் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

அடுத்த ஞாயிறு முதல் நான் வீட்டில் இருப்பதை நிறுத்தினேன். கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீடு பூதிகோட்டையில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் தக்காளி பறிக்க ஆள் வேண்டும், போய்வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கே பஸ் ஏறிவிடுவேன். சாயங்காலம்தான் திரும்புவேன். நண்பகல் வாக்கில் பிரஷர் பார்த்து எழுதும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். நான் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று பார்ப்பார். இன்றைக்கும் போகிறாயா என்பார். ஆமாம் என்பேன். தனியாக ஒரு ரூம் பார்த்துக்கொண்டு பெங்களூரிலேயே தங்கிவிடலாமா என்றுகூட அந்த வாரங்களில் விசாரித்தேன்.

மூன்று ஞாயிறு. மூன்றும் அக்காவின் கையெழுத்தில் நோட்டில் இருந்தன. மூன்றும் அதே நூற்று எழுபது, நூற்று எழுபத்தைந்து.

அதைப் பார்த்து நான் அழுதேன். அப்பாவுக்குப் பிரஷர் இறங்கவில்லை என்று அழ வேண்டியவள், எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று அழுதேன். ஏறுவது என்னால் இல்லை, ஞாயிற்றுக்கிழமையால். ஆனால் கிழமை பார்த்து ஏறுகிற பிரஷர் உலகத்தில் எங்கேயாவது உண்டா? திரும்பவும் குழப்பம். ஞாயிறு அன்று மட்டும் அப்பா என்ன செய்கிறார், அல்லது என்ன செய்யாமல் இருக்கிறார் என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பது போல இருந்துகொண்டு பார்த்தேன். அப்பா கஞ்சி குடித்தார். டப்பாவில் ஞாயிறு அறையைத் திறந்தார், மாத்திரையை எடுத்தார். வாயருகே கொண்டுபோகவில்லை. அலமாரி மேலிருந்த ஒரு தகர டப்பாவை இறக்கி, அதில் போட்டு மூடி, மறுபடியும் மேலே வைத்தார். அது அவருடைய பழைய டோக்கன் வைத்திருக்கும் டப்பா. சுரங்கத்துக்குள் இறங்கும்போது மேலே கொடுத்துவிட்டுப் போகிற, நம்பர் அடித்த பித்தளை வில்லை. சுரங்கம் மூடின பிறகு அதை எடுத்து யாரிடமும் காட்டினதுகூடக் கிடையாது.

டப்பாவை நானே இறக்கித் திறந்தேன். டோக்கனைச் சுற்றி மாத்திரைகள். வெள்ளையும் ரோஸும். அப்பா ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. இதில் என்ன அதிசயம் என்பது போலப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெயம வாராந்தர லீவு. அன்னிக்கு எதுக்குமா மாத்திர? மைன்ஸ்ல கீறச்சொல்லவே அப்டித்தான். ஷிப்டுக்கு எறங்குற நாளுக்கு மாத்திர, லீவுக்கு இல்ல" என்றார்.

ஆறு மாதமாக நான் உப்பு இல்லாமல் சமைத்ததும், பேட்டரி மாற்றியதும், வீட்டை விட்டே போனதும் இந்த லீவுக்காகவா? கத்தியிருப்பேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று வாயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மைன்ஸில் பம்புக்கு லீவு விடுவார்களா என்று கேட்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் லீவில் இருக்கும் நாளிலும் பம்பு ஆட்கள் மட்டும் டூட்டிக்கு இறங்குவார்கள் என்றும், ஒரு நாள் பம்பை நிறுத்தினால் அடி லெவலில் தண்ணீர் நின்றுவிடும் என்றும் எனக்குச் சொன்னதே அவர்தான். அப்பா எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அன்றைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் தகர டப்பாவோடு டாக்டரிடம் நானே போனேன். அவர் மாத்திரைகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த மாத்திரையை ஒரு நாள் நிறுத்தினாலும் பிரஷர் சட்டென்று எகிறுமாம். நான் அந்த ஒரு நாளைப் பார்த்து எழுதினேன். அவர் அதை நம்பி மாத்திரையைக் கூட்டினார். கூட்டிய மாத்திரை மற்ற ஆறு நாளும் பிரஷரை ரொம்பக் கீழே இறக்கி, கிட்னிக்குப் போதுமான ரத்தம் போகாமல் செய்திருக்கிறது. அன்று தண்ணீர்க் குழாயருகே கண் இருட்டியதும் அதனால்தான். ஏறினாலும் கிட்னிக்கு ஆகாது, அளவுக்கு மீறி இறங்கினாலும் ஆகாது என்றார். மாத்திரையைப் பழைய வெள்ளைக்கே குறைத்துக் கொடுத்தார். இனி ஞாயிறு மட்டும் பார்க்காமல் தினமும் பார்க்கச் சொன்னார். இதற்கு முன்னால் கெட்டது எவ்வளவு, இதனால் கெட்டது எவ்வளவு என்று கேட்டேன். அதுவும் சொல்ல முடியாது என்றார். டாக்டர்களுக்கு என் கேள்விகளுக்கு மட்டும் விடை தெரிவதே இல்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளைத் தூக்கிப்போடப் போனேன். பழக்கதோஷம், போடும் முன் எண்ணினேன். முப்பத்தொன்று. பிளாஸ்டிக் டப்பா வாங்கி இருபத்தேழு ஞாயிறுகள் ஆகியிருந்தன. கடைசி ஞாயிறு மாத்திரையை என் எதிரில் போட்டுக்கொண்டார். அப்படியானால் இருபத்தாறுதான் இருக்க வேண்டும். திரும்பவும் எண்ணினேன். ஐந்து அதிகம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு அல்லாத நாட்கள் அதில் சரியாக ஐந்து இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த இரண்டு நாள். பந்த் என்று ரயில் ஓடாத ஒரு நாள். வைசாகப் பௌர்ணமிக்குப் புத்த விகாரைக்குப் போக லீவு போட்ட நாள். அம்மா நினைவு நாள். ஐந்தும் வேலை நாட்கள். எந்த மைன்ஸும் பந்துக்கு லீவு விட்டதில்லை. என் காய்ச்சலுக்கும் விட்டிருக்காது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டோடு எதிரில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளாகச் சொன்னேன். இதெல்லாம் எந்த ஷிப்டு லீவு என்று கேட்டேன். அப்பா நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"அந்த மாத்திர போட்டா பொயுதுக்கும் தல சுத்துது. எயுந்து நின்னா கண்ணு இருட்டுது. அத்தொட்டு படுத்தேதான் கெடப்பேன். வாரத்துல ஒரு நாளுதான் நீ மொகம் பாக்குற மாதிரி கீற. அன்னிக்கும் நான் படுத்துனு கெடந்தா நீ இன்னா நெனப்ப? நீ ஊட்ல கீற நாளு எனக்கு லீவுமா" என்றார்.

அத்தை சொன்னது தப்பு என்று நிரூபித்து, தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வரைக்கும் போய்வந்தேன். கடைசியில் அத்தை சொன்னதே சரி. நான் வீட்டில் இருப்பதால்தான் ஏறியது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்காவது நான் இருப்பேன் என்று மாத்திரையை விட்டு, அப்பா எனக்காக எழுந்து நடமாடிய ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் பூதிகோட்டையில் யார் வீட்டுத் தக்காளியையோ பறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, இன்றைக்கும் போகிறாயா என்று அவர் கேட்டது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அவர் எதிரிலேயே அழுதேன். அவர் என் தலையைத் தொடவந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் வழக்கமில்லை.

மாத்திரை குறைந்து, அது உடம்புக்கும் பழகியதும் அவருக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது. கிரியாட்டினின் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. இருக்கிற இடத்தில் நிற்கிறது. டயாலிசிஸ் என்ற சொல்லை டாக்டர் மூன்றாவது தடவையாக இன்னும் சொல்லவில்லை. எது முன்னால் என்ற கேள்வி மட்டும் ரயிலில் என்னோடு வருகிறது. பதில் தெரிந்தாலும் யாரைக் குற்றம் சொல்லப்போகிறேன் என்று அதை விட்டுவிடப் பார்க்கிறேன், முடியவில்லை.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் ஞாயிறு. கஞ்சி குடித்ததும் அப்பா தானே டப்பாவைத் திறந்தார். மாத்திரையைப் போட்டு விழுங்கி, செக்கிங்குக்கு வைத்த சட்டையைப் போல என் எதிரில் வந்து நின்று, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். சரி, பாஸ் என்றேன். பத்து மணிக்கு மெஷினைக் கட்டினேன். நூற்று முப்பத்தாறு. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது, பூதிகோட்டைக்கு எடுத்துப்போவதற்காக வாசலில் மாட்டியிருந்த என் பையைப் பார்த்தார்.

"என் லீவுதான் போச்சு. உன் லீவாவது ஊட்ல இரு" என்றார்.

பையை எடுத்து உள்ளே வைத்தேன்.